பதிவர்களையும் யூடியூபர்களையும் அணுகுவது எப்படி: பி.ஆர். (மக்கள் தொடர்பு) வேலையில் இருப்பவர்களுக்கு

2007 அக்டோபரில், 'வயர்டு' என்ற அமெரிக்கத் தொழில்நுட்பப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த கிறிஸ் ஆண்டர்சன் தன் வலைப்பதிவில் ஒரு பட்டியலைப் போட்டார். தனக்குச் சம்பந்தமே இல்லாத செய்திக்குறிப்புகளை அனுப்பித் தொல்லை கொடுத்தவர்களின் மின்னஞ்சல் முகவரிகள், 300க்கும் மேல், எல்லோரும் பார்க்கும்படி. இவர்களை எல்லாம் பிளாக் செய்துவிட்டேன் என்றும் சொன்னார். பி.ஆர். உலகம் கொதித்தது, அவரைத் திட்டியது, அப்புறம் மறந்துவிட்டது. இன்றைக்கு ஏதாவது ஒரு யூடியூபரின் இன்பாக்ஸைத் திறந்து பாருங்கள், 'அன்புள்ள கன்டென்ட் கிரியேட்டர் அவர்களுக்கு' என்று ஆரம்பிக்கும் அதே மெயில்கள் குவிந்து கிடக்கும்.

செய்திக்குறிப்பு என்ற வடிவமே வேறு ஆட்களுக்காக உருவானது. 1906இல் அமெரிக்காவின் அட்லான்டிக் சிட்டியில் ரயில் விபத்து நடந்தபோது, பென்சில்வேனியா ரயில்வே சார்பில் ஐவி லீ என்ற பி.ஆர். ஆலோசகர் எழுதிக் கொடுத்ததைத்தான் முதல் செய்திக்குறிப்பு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதை வாங்கியவர்கள் நிருபர்கள். நாளைக்குப் பக்கத்தை நிரப்பியாக வேண்டும், மேலே ஆசிரியர் இருக்கிறார், டெட்லைன் இருக்கிறது. தகவலை யாராவது தொகுத்துக் கையில் கொடுத்தால் அவர்களுக்கு வேலை மிச்சம். பதிவருக்கும் யூடியூபருக்கும் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. உங்களைப் பற்றிப் பேசாவிட்டால் அவருக்கு ஒரு நஷ்டமும் கிடையாது, ஆனால் உப்புச்சப்பில்லாத ஒன்றைப் போட்டுவிட்டால் அன்றைக்கே கமென்டில் 'எவ்வளவு வாங்கினீங்க' என்று கேட்டுவிடுவார்கள். அவர் பதில் சொல்ல வேண்டியது அவருடைய பார்வையாளர்களுக்கு மட்டும்தான். இதை மறக்காமல் இருந்தால் கீழே நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கே தோன்றிவிடும்.

யாரிடம் போவது

சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையை எக்ஸெல்லில் வரிசைப்படுத்தி, மேலே இருக்கும் ஐம்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்புவதுதான் வழக்கமாக நடக்கிறது. அதைச் செய்யாதீர்கள். பத்துப் பேரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரின் கடைசிச் சில பதிவுகளையோ வீடியோக்களையோ முழுசாகப் பாருங்கள், முக்கியமாகக் கமென்ட்களைப் படியுங்கள். அங்கேதான் அந்தக் கூட்டம் என்ன கேட்கிறது, எதில் எரிச்சலாகிறது, யாரை நம்புகிறது என்று தெரியும். லட்சக்கணக்கில் ஃபாலோயர் இருந்தும் கமென்ட் முழுக்க வெறும் இதயமும் கைதட்டலுமாக இருந்தால், அந்த இடத்தில் உங்கள் செய்தி ஒட்டாது. மாறாக, சைக்கிள் பிரேக் பற்றி மட்டுமே பேசும் சின்னச் சேனலில் நாற்பது பேர் பாகம் பாகமாகப் பிரித்து விவாதிக்கிறார்கள் என்றால், நீங்கள் விற்பது பிரேக் என்றால், அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. செய்தித்தாளில் வந்த செய்தி மறுநாள் பழசு. ஆனால் வலைப்பதிவும் வீடியோவும் தேடலில் வருடக்கணக்கில் மேலே வந்துகொண்டே இருக்கும், அதுவும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் சின்னப் பதிவாக இருந்தால் இன்னும் அதிகமாக. இதை நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் 'எத்தனை வியூஸ்' என்ற ஒரே கேள்வியோடு கூட்டம் முடிந்துவிடும்.

மெயிலில் என்ன எழுதுவது

ஐந்தாறு வரி போதும். அவருடைய எந்தப் பதிவைப் பார்த்து எழுதுகிறீர்கள் என்பது முதல் வரியில் வரட்டும், 'உங்கள் அருமையான சேனல்' என்ற பொதுப் பாராட்டு யாரையும் ஏமாற்றாது. அடுத்து, அவருடைய பார்வையாளர்களுக்கு இதில் என்ன இருக்கிறது. அப்புறம் நீங்கள் எதைத் திறந்துவிடத் தயார் என்பது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். நிருபருக்கு மேற்கோள் போதும், வீடியோ எடுப்பவருக்குக் கேமரா முன்னால் ஏதாவது நடக்க வேண்டும். தொழிற்கூடத்துக்குள் வர அனுமதி, அந்தப் பொருளை வடிவமைத்த பொறியாளரோடு அரை மணி நேரம், தோற்றுப்போன பழைய மாதிரிகள், சோதனையில் உடைந்த துண்டுகள், இதுவரை வெளியிடாத தகவல் அட்டவணை. இவற்றில் ஒன்றாவது கையில் இல்லையென்றால் மெயில் அனுப்புவதைத் தள்ளிப்போடுங்கள்.

படங்களையும் வீடியோத் துண்டுகளையும் இணைப்பாகச் சேர்க்காமல் லிங்காகக் கொடுங்கள். வீடியோத் துண்டு என்றால் விளம்பரப் படம் கிடையாது: பின்னணி இசை, லோகோ, வர்ணனை எதுவும் இல்லாமல், அந்த இடத்தின் இயல்பான சத்தத்தோடு, பத்துப் பதினைந்து நொடி ஷாட்டுகளாக, அகலவாக்கிலும் நெட்டுக்குத்தாகவும். எடிட் செய்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி நீங்கள் செய்ய முடியாது.

'இந்தத் தேதிக்கு முன் வெளியிட வேண்டாம்' என்ற எம்பார்கோ இருந்தால், முதலில் சம்மதம் கேளுங்கள், அவர் சரி என்ற பிறகு தகவலை அனுப்புங்கள். அனுப்பிவிட்டு மேலே தடித்த எழுத்தில் எம்பார்கோ என்று போட்டால் அவர் அதற்குக் கட்டுப்பட வேண்டிய அவசியமே இல்லை. நேரமும் தாராளமாகக் கொடுங்கள். பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்கிறார்கள், ஒரு நல்ல வீடியோவுக்குப் படப்பிடிப்பைவிட எடிட்டிங்தான் நாட்களை விழுங்கும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதற்கும் பதில் இல்லையென்றால் அதுதான் பதில்.

பணம், பொருள், அப்ரூவல்

பொருளைக் கடனாகத் தருகிறீர்களா, அவரே வைத்துக்கொள்ளலாமா, பணம் தருகிறீர்களா என்பதை முதல் மெயிலிலேயே எழுத்தில் சொல்லுங்கள். 2006 இறுதியில் விண்டோஸ் விஸ்டா என்ற இயங்குதளம் வெளிவரும் சமயம் மைக்ரோசாஃப்ட் தரப்பிலிருந்து பதிவர்கள் பலருக்கு விலையுயர்ந்த ஏசர் ஃபெராரி லேப்டாப்கள் போயின. திருப்பித் தர வேண்டுமா, வைத்துக்கொள்ளலாமா, வாசகர்களிடம் சொல்ல வேண்டுமா என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. மென்பொருளைப் பற்றிய பேச்சு பின்னால் போய், லேப்டாப்தான் செய்தியானது. அதே வருடம் இன்னொரு கூத்து. ஒரு ஜோடி வேனில் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு, இரவில் வால்மார்ட் வாகன நிறுத்தங்களில் தங்கி, சந்திக்கும் ஊழியர்களைப் பற்றி உற்சாகமாக வலைப்பதிவு எழுதியது. பயணத்துக்கான பணம் வால்மார்ட் ஆதரவு அமைப்பிடமிருந்து வந்தது, பின்னால் இருந்தது எடெல்மன் என்ற பி.ஆர். நிறுவனம் என்று வெளியே தெரிந்ததும் ரிச்சர்ட் எடெல்மன் தன் வலைப்பதிவிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அந்த ஜோடி எழுதியது பொய் என்றுகூட யாரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை, யார் பணம் கொடுத்தது என்பதை மறைத்ததே போதுமானதாக இருந்தது.

2009 டிசம்பரில் அமலுக்கு வந்த அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் வழிகாட்டுதல்கள், இலவசப் பொருளோ பணமோ பெற்ற பதிவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றன. அதன் பிறகு பல நாடுகளில் இப்படி விதிகள் வந்துவிட்டன, உங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். யூடியூபில் பணம் பெற்ற விளம்பரம் இருக்கிறது என்று குறிக்க ஒரு தேர்வுப் பெட்டியே இருக்கிறது. அதை டிக் செய்யச் சொல்லி ஒப்பந்தத்தில் நீங்களே எழுதிவிடுங்கள்.

வெளியிடும் முன் எங்களுக்குக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், பணம் கொடுக்காத வீடியோவாக இருந்தால் கேட்கும் உரிமையே உங்களுக்கு இல்லை. எண்கள், பெயர்கள், தேதிகள் சரியா என்று பார்க்க நான் கூப்பிடும் தூரத்தில் இருக்கிறேன் என்று சொல்லுங்கள், அது போதும். குறை சொன்னால்? சொல்லட்டும். இரண்டு குறை சொன்ன ரிவ்யூவைத்தான் மக்கள் நம்புகிறார்கள். இதை முதலாளிக்குப் புரியவைப்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது.

சொந்தமாக ஆரம்பிப்பதென்றால்

பிளென்ட்டெக் என்ற மிக்ஸி தயாரிக்கும் நிறுவனத்தின் கதை ஓரளவு தெரிந்ததுதான். நிறுவனர் டாம் டிக்சன் தன் இயந்திரத்தின் வலிமையைச் சோதிக்க மரக்கட்டைகளை உள்ளே போட்டு அரைப்பது வழக்கம். மார்க்கெட்டிங் ஆள் அதைப் பார்த்துவிட்டு, இதையே படமெடுத்தால் என்ன என்று யோசித்தார். 2006இல் கோலிக்குண்டுகளை அரைக்கும் வீடியோ யூடியூபுக்குப் போனது, பிறகு ஐபோனையும் அரைத்தார்கள். புதிதாக எதையும் கற்பனை செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள், உள்ளே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததற்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். நீங்களும் ஒரு நாள் முழுக்க உங்கள் சோதனைக்கூடத்திலோ சர்வீஸ் பிரிவிலோ சும்மா உட்கார்ந்து பாருங்கள்.

யார் பேசுவது என்றால், செய்தவர் பேச வேண்டும். 2004இல் மைக்ரோசாஃப்ட் 'சேனல் 9' என்ற தளத்தை ஆரம்பித்தபோது, ராபர்ட் ஸ்கோபிள் போன்றவர்கள் சாதாரண வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு பொறியாளர்களின் அறைகளுக்குள் போய்ப் பேட்டி எடுத்தார்கள். ஸ்கோபிள் தன் வலைப்பதிவில் சொந்தக் கம்பெனியைக் குறை சொல்லவும் தயங்கவில்லை, அதனாலேயே அவர் பாராட்டும்போது ஆட்கள் கேட்டார்கள். தயக்கத்தோடு பேசும் பொறியாளரை ஸ்கிரிப்ட் கொடுத்துப் படிக்கவைத்துக் கெடுத்துவிடாதீர்கள், கேள்வி கேட்டுப் பேசவிட்டு, எடிட்டில் குறையுங்கள்.

தொழில்நுட்பமாக ஒன்றே ஒன்று: படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், ஒலி மோசமாக இருந்தால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். காசு இருந்தால் முதலில் சட்டையில் மாட்டும் மைக் வாங்குங்கள். தலைப்பை ஆட்கள் தேடும் கேள்வியின் வடிவிலேயே வையுங்கள், சப்டைட்டில் சேருங்கள், முழு உரையாடலையும் எழுத்தாக வலைப்பதிவில் போடுங்கள், மேற்கோள் தேடும் நிருபருக்கும் அது உதவும்.

வீடியோ உங்களுக்கு எதிராக வந்தால்

2004இல் கிரிப்டோனைட் சைக்கிள் பூட்டை ஒரு சாதாரணப் பேனாவின் பிளாஸ்டிக் குழாயைக் கொண்டு திறந்துவிடலாம் என்று இணையத்தில் ஒருவர் எழுத, செய்துகாட்டும் வீடியோக்களும் வந்தன. யூடியூப் பிறப்பதற்கு முந்தைய வருடம் அது. கடைசியில் லட்சக்கணக்கான பூட்டுகளை இலவசமாக மாற்றித்தர வேண்டியிருந்தது. இப்போது உங்களுக்கு அவ்வளவு அவகாசம்கூடக் கிடைக்காது. உங்கள் பெயர், பொருளின் பெயர், அதை ஆட்கள் தப்பாக எழுதும் விதங்கள் எல்லாவற்றையும் கூகுள் அலர்ட்டில் போட்டு வையுங்கள். யூடியூபில் புதிதாகப் பதிவேறியவற்றையும் தினமும் ஒரு தடவை தேடுங்கள், ஏனென்றால் தலைப்பில் உங்கள் பெயர் இல்லாமலும் வீடியோ வரும்.

எங்கே பற்றிக்கொண்டதோ அங்கேயே பதில் சொல்ல வேண்டும். 2009 ஏப்ரலில் டாமினோஸ் கடை ஊழியர்கள் இருவர் உணவில் அசிங்கம் செய்து எடுத்த வீடியோ பரவியபோது, நிறுவனம் முதலில் சத்தமில்லாமல் சமாளிக்கப் பார்த்தது. அப்புறம்தான் அமெரிக்கப் பிரிவின் தலைவர் பேட்ரிக் டாயில் யூடியூபிலேயே வந்து மன்னிப்புக் கேட்டார். யூடியூபுக்கே வந்தது சரியான முடிவு, தாமதம்தான் உறுத்தியது. கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் எதையோ பார்த்துப் பேசுகிறாரே என்றும் விமர்சித்தார்கள். ஆகவே லென்ஸைப் பார்த்துப் பேசுபவரை உட்காரவையுங்கள், பின்னணி இசை வேண்டாம், என்ன நடந்தது, என்ன செய்திருக்கிறோம், அடுத்த தகவல் எப்போது வரும் என்ற மூன்றையும் சொல்லி முடித்துவிடுங்கள்.

வீடியோவை நீக்கவைக்க வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா என்று யாராவது கேட்பார்கள். 2010இல் கிட்காட்டைக் கிண்டல் செய்த, கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் வீடியோவைக் காப்புரிமை சொல்லி யூடியூபிலிருந்து எடுக்கவைத்தது நெஸ்லே. எண்ணெய் ஊற்றின மாதிரி அது இன்னும் வேகமாகப் பரவியது. ஆள் அடையாளத்தை அம்பலப்படுத்துவது, கொலை மிரட்டல் போன்றவற்றைத் தவிர வேறு எதற்கும் அந்த வழியை நான் சொல்ல மாட்டேன். தகவல் பிழை இருந்தால் உங்கள் பெயரையும் பதவியையும் போட்டுக் கமென்டில் திருத்துங்கள், கருத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

சில சமயம் அடுத்தவர் சிக்கலில் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கும். 2009இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் கிதாரை உடைத்துவிட்டு நஷ்டஈடு தர மறுத்தது என்று டேவ் கேரல் என்ற இசைக்கலைஞர் பாட்டாகவே பாடி வீடியோ போட்டார், லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அந்தக் கிதாரைத் தயாரித்த டெய்லர் நிறுவனத்தின் பாப் டெய்லர் சட்டென்று தானும் ஒரு வீடியோ எடுத்து, விமானத்தில் கிதாரைப் பத்திரமாகக் கொண்டுபோவது பற்றியும் பழுதுபார்ப்பது பற்றியும் பேசினார். விமான நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருக்காமல், கிதார் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் ஒன்றைக் கொடுத்தார்.

எதை அளப்பது

இத்தனை சென்டிமீட்டர் விளம்பரத்துக்கு இவ்வளவு காசு, ஆகவே இந்தச் செய்தியின் மதிப்பு இவ்வளவு என்று போடும் கணக்கை 2010இலேயே பி.ஆர். வேலையை அளப்பதற்கான பார்சிலோனா கோட்பாடுகள் நிராகரித்துவிட்டன. வியூஸும் பாதிக்கதைதான், முதல் பத்து நொடியில் எத்தனை பேர் ஓடிவிட்டார்கள் என்பதை அது சொல்லாது. உங்கள் சொந்தச் சேனல் என்றால் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற வரைபடத்தைப் பாருங்கள், மற்றவர் வீடியோ என்றால் அவர் கொடுத்த லிங்க் வழியாக யார் வந்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கமென்டில் வந்த கேள்விகளைத் தனியாக ஒரு பட்டியலாக எடுத்துத் தயாரிப்புப் பிரிவுக்கும் அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்து அதே பதிவை மறுபடி திறந்து பாருங்கள், தேடி வந்தவர்கள் அப்போதும் புதிதாகக் கேள்வி கேட்டிருப்பார்கள். பதிவர் பதில் சொல்லத் தெரியாமல் விட்டிருந்தால், உங்கள் பொறியாளரைக் கேட்டு நீங்கள் எழுதுங்கள்.