'சேலரி'யும் உப்பும்: சொல் வரலாற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊதியத்தைக் குறிக்கும் 'சேலரி' என்ற ஆங்கிலச் சொல், உப்பு எனப் பொருள்படும் 'சால்' என்பதை அடியாகக் கொண்ட 'சலாரியம்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. இதில் ஐயமில்லை. ஆனால் இதைச் சொன்ன கையோடு, ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பையே சம்பளமாகக் கொடுத்தார்கள் என்று சேர்த்துவிடுவதுதான் பெருந்தவறு. அப்படிக் கூறும் பண்டைய நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை.

இக்கதைக்குச் சான்றாக ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினியைக் காட்டுவது வழக்கம். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த அவர், தமது 'இயற்கை வரலாறு' நூலின் 31ஆம் பகுதியில், பதவிச் சிறப்புகளிலும் படைப்பணியிலும் உப்புக்கு இடமுண்டு, சலாரியம் என்ற பெயர் அதனால் வந்தது என்ற அளவிலேயே எழுதுகிறார். உப்பை அளந்து கூலியாகக் கொடுத்ததாக அவர் சொல்லவில்லை. உப்பு வாங்கக் கொடுத்த படித்தொகை என்ற விளக்கமும் பிற்கால ஊகமே.

படைவீரரின் ஊதியத்துக்கு 'ஸ்டிபெண்டியம்' என்று பெயர். அது காசாகக் கணக்கிடப்பட்டது. கி.பி. 14இல் பன்னோனியா என்ற ரோமானிய மாகாணத்தில் கலகம் செய்த வீரர்கள், தங்கள் உடலுக்கும் உயிருக்கும் நாளொன்றுக்குப் பத்து 'அஸ்' என்ற செப்புக்காசுதான் விலையா, உடைக்கும் ஆயுதத்துக்கும் கூடாரத்துக்கும் அதிலிருந்தே கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று குமுறி, நாளுக்கு ஒரு டெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு கேட்டதாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். கூலியை இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்த்தவர்களின் முறையீட்டில் உப்பு என்ற பேச்சே இல்லை. சலாரியம் என்பதோ, பேரரசுக் காலத்தில் மாகாண ஆளுநர் போன்ற அதிகாரிகள் பெற்ற தொகைக்கும் வழங்கிய பெயர்.

ஒலி ஒத்திருப்பதை வைத்து 'சோல்ஜர்' என்ற சொல்லையும் உப்போடு முடிச்சுப் போடுவது அடுத்த தவறு. அது, ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வெளியிட்ட 'சாலிடஸ்' என்ற பொற்காசின் பெயரிலிருந்து பிறந்தது. மாறாக, 'சாலட்', 'சாஸ்' ஆகியவை உண்மையிலேயே உப்பிட்டது என்ற பொருளில் 'சால்' வழிவந்தவை.

சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்து 'சம்பளம்' ஆயிற்று என்று நம்மிடையே வழங்கும் விளக்கத்தை ரோமானியக் கதைக்குத் துணைச்சான்றாக நிறுத்துவோரும் உண்டு. அந்த விளக்கம் சரியோ தவறோ, அதைத் தமிழ்ச் சான்றுகளைக் கொண்டே ஆராய வேண்டும். ரோமில் என்ன நடந்தது என்பதை அது நிறுவாது.