பாசியிலிருந்து நீர்க்கரடியைக் கண்டெடுத்து, உலர்த்தி, எழுப்புவது எப்படி?

2007ஆம் ஆண்டு செப்டம்பரில் ஃபோட்டான்-எம்3 விண்கலத்தில் சென்ற நீர்க்கரடிகள் என்னும் நுண்ணிய எட்டுக்கால் உயிரினங்கள், சுமார் 10 நாள்கள் விண்வெளியின் வெற்றிடத்தில் கிடந்துவிட்டுத் திரும்பின. வெற்றிடத்தை மட்டும் எதிர்கொண்டவற்றில் பெரும்பாலானவை நீர் பட்டதும் எழுந்தன. சூரியனின் புறஊதாக் கதிர்வீச்சும் சேர்ந்து தாக்கியவற்றில் மிகச் சிலவே பிழைத்தன. அவை அனைத்தும் உலர்ந்த நிலையில் அனுப்பப்பட்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். நீரில் நடமாடும் நீர்க்கரடி மென்மையான உயிர். வெந்நீரே அதைக் கொன்றுவிடும்.

படி 1: சுவரிலோ மரப்பட்டையிலோ படர்ந்து காய்ந்திருக்கும் பாசியில் ஒரு விரற்கடை அளவு எடுத்து, காகித உறையில் வையுங்கள். எப்போதும் நனைந்திருக்கும் பாசியைவிட, நனைவதும் காய்வதுமாக இருக்கும் பாசியே நமக்கு ஏற்றது.

படி 2: அதைக் கிண்ணத்தில் தலைகீழாக வைத்து, மழைநீரையோ காய்ச்சி வடித்த நீரையோ ஊற்றி, ஓர் இரவு ஊற விடுங்கள். குளோரின் கலந்த குழாய்நீர் வேண்டாம். மறுநாள் பாசியைப் பிழிந்து எடுத்துவிட்டு, வண்டல் படியும்வரை காத்திருங்கள்.

படி 3: பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். கிண்ணத்தின் அடியில் கறுப்புத் தாளை வைத்து, பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்சி, 20 முதல் 40 மடங்கு உருப்பெருக்கத்தில் வண்டலைத் துழாவுங்கள். சாட்டைபோல் நெளிவது உருளைப்புழு. உடலை நீட்டிச் சுருக்குவது சக்கர உயிரி. பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நீளத்தில், எட்டுக் குட்டைக் கால்களால் மணலைப் பற்றிப் பற்றி, தடுமாறியபடி நகர்வதே நீர்க்கரடி. ஓரிரு கிண்ணங்களில் எதுவும் அகப்படாமல் போவது இயல்பே. வேறிடத்துப் பாசியை எடுத்துப் பாருங்கள்.

படி 4: கண்டதைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி, ஈரமான வடிதாளில் விட்டு, தளர்வாக மூடி, ஓரிரு நாள்கள் மெதுவாக உலர விடுங்கள். நான் முதன்முறை வெறும் கண்ணாடித் தகட்டிலேயே உலர்த்தினேன், ஒன்றுகூட எழவில்லை. கால்களை உள்ளிழுத்துப் பீப்பாய்போல் சுருங்கவும், உயிரணுக்களைக் காக்கும் புரதங்களை ஆயத்தப்படுத்தவும் அதற்கு அவகாசம் வேண்டும். உடலின் நீர் சில விழுக்காடாகக் குறையும்போது வளர்சிதைமாற்றம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

படி 5: ஒரு துளி நீர் விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ பீப்பாய் உப்பும். பிறகு ஒரு கால் மட்டும் வெளியே நீண்டு, நகங்களால் வெறும் நீரைத் துழாவும்.