அமெரிக்க வரலாறு படிக்க: அதிபர் பட்டியலை விட்டு அரசமைப்பைப் பிடியுங்கள்

அமெரிக்க வரலாறு படிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் சிக்கிக்கொள்கிறார்கள். சிலர் 1607-இல் ஆங்கிலேயர் குடியேறிய ஜேம்ஸ்டவுனில் தொடங்கி, பதின்மூன்று காலனிகளையும் ஒவ்வொன்றாகக் குறிப்பெடுத்து, சுதந்திரப் போர் வருவதற்குள் களைத்துப்போகிறார்கள். வேறு சிலர் வாஷிங்டனில் தொடங்கி அதிபர்களை வரிசையாக மனப்பாடம் செய்கிறார்கள். வரிசை மனதில் நிற்கும். 1860-இல் நாடு ஏன் உடைந்தது என்று கேட்டால் பதில் வராது.

முதுகெலும்பாகப் பிடிக்க வேண்டியது அரசமைப்புச் சட்டம். 1787-இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட மூலம் சுமார் 4,500 சொற்கள்தான். இரண்டு மாலைகளில் படித்துவிடலாம். அதன்பின் இன்றுவரை வந்த திருத்தங்கள் 27. காலனி காலத்தைத் தொடுவதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள். பிறகு 1607-க்குப் போனால், எதை நோக்கிப் போகிறோம் என்று தெரிந்தே படிப்பீர்கள்.

முதல் வேலை: ஒரு தாளில் 27 திருத்தங்களின் ஆண்டுகளை மேலிருந்து கீழாக எழுதுங்கள். எழுதியதும் இடைவெளிகளைப் பாருங்கள். முதல் பத்து 1791-இல் ஒன்றாக வந்தன. 12-வது 1804-இல். அடுத்தது 1865-இல்தான். 61 ஆண்டுகள் ஒன்றுமே இல்லை. பிறகு 1865, 1868, 1870 என்று ஐந்தே ஆண்டுகளில் மூன்று. மறுபடி 1913 வரை மௌனம். அடிமை முறை என்ற பேச முடியாத ஒன்று நடுவில் கிடந்தது என்பதை இந்த ஆண்டுகளே காட்டிக்கொடுக்கும். 15-வது திருத்தம், இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது, ஆண்டு 1870. அதைத் தெற்கில் நடைமுறைப்படுத்திய வாக்குரிமைச் சட்டம் 1965-இல் வந்தது. நடுவே 95 ஆண்டுகள் என்ன நடந்தது? வாக்களிக்கத் தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு, 1896-இல் இனப் பிரிவினையைச் செல்லும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 1954-இல் பள்ளிகளில் அது செல்லாது என்ற தீர்ப்பு என இருபதாம் நூற்றாண்டின் பாதி இந்தக் கேள்விக்குள்ளேயே வந்துவிடும்.

இனி ஒரு வரியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதல் பிரிவின் இரண்டாம் பகுதி, பிரதிநிதிகள் சபையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் எத்தனை இடம் என்று கணக்கிடும் முறையைச் சொல்கிறது. சுதந்திர மனிதர்களை முழுதாக எண்ண வேண்டும். ‘மற்ற மனிதர்கள் அனைவரிலும்’ ஐந்தில் மூன்று பங்கை எண்ண வேண்டும். அடிமை என்ற சொல் 1787 மூலத்தில் எங்குமே இல்லை. 1865-இல் அடிமை முறையை ஒழித்த 13-வது திருத்தத்தில்தான் அந்தச் சொல் முதன்முதலில் வருகிறது. இப்போது கணக்குப் போடுங்கள். 1790 கணக்கெடுப்பில் வர்ஜீனியாவின் மக்கள்தொகை சுமார் 7,47,000. அதில் அடிமைகள் சுமார் 2,92,000. அவர்களில் ஐந்தில் மூன்று என்றால் 1,75,000. மீதி 4,55,000 பேரோடு கூட்டினால் 6,30,000. அப்போது 33,000 பேருக்கு ஓர் இடம், மிச்சத்தை விட்டுவிடுவார்கள். வர்ஜீனியாவுக்குக் கிடைத்தது 19 இடம். சுதந்திர மனிதர்களை மட்டும் எண்ணியிருந்தால் 13. வாக்கே இல்லாத மனிதர்களின் தலையை எண்ணி, அவர்களை அடிமைப்படுத்தியவர்களுக்கு ஆறு இடங்கள் கூடுதல். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவின் எண்ணிக்கையும் இதே இடங்களை வைத்துத்தான் என்பதால், அதிபர் தேர்தலிலும் அதே லாபம். இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை பேனா பிடித்துப் போட்டுப் பாருங்கள். இருபது பக்கம் படித்துப் புரியாதது இதில் புரியும்.

கால அட்டவணைக்கு 14 வாரம், வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். காலனி காலத்துக்கு இரண்டு வாரம். 1754 முதல் 1800 வரை மூன்று. 1848 வரை இரண்டு. 1848 முதல் 1877 வரை மூன்று. அங்கிருந்து 1945 வரை இரண்டு, அதன்பின் இன்றுவரை இரண்டு. முப்பதே ஆண்டுகளுக்கு மூன்று வாரமா என்று தோன்றும். உள்நாட்டுப் போரும் அதன் பின்னான மறுசீரமைப்பும் சரியாகப் பிடிபடாவிட்டால் அதற்குப் பின் வரும் எதுவும் பிடிபடாது. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

காலனி காலத்தில் மூன்று ஆண்டுகளை மட்டும் ஆழமாகப் பார்த்தால் போதும். 1619-இல் வர்ஜீனியாவில் ஆப்பிரிக்கர்கள் இறக்கப்பட்டது. 1662-இல் அதே காலனி, பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று சட்டம் போட்டது. அடிமைத்தனம் பரம்பரையானது அந்த ஒரு வரியால். 1676-இல் பேக்கன் கலகம், அதாவது நதானியேல் பேக்கன் தலைமையில் வர்ஜீனியா ஆளுநரை எதிர்த்து எழுந்த கலகம்.

புரட்சிக் காலத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் பாஸ்டன் தேயிலை. ‘தேயிலைக்கு வரி ஏற்றினார்கள், மக்கள் பொங்கினார்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வரி 1767-லிருந்தே இருந்தது. 1773 சட்டம் தேயிலையின் விலையை உண்மையில் குறைத்தது. கடனில் மூழ்கிய கிழக்கிந்தியக் கம்பெனியைக் காப்பாற்ற, காலனிகளில் நேரடியாக விற்கும் சலுகையை அதற்குத் தந்தார்கள். உள்ளூர் வியாபாரிகள் பிழைப்புக்குப் பயந்தார்கள். தாங்கள் ஒப்புக்கொள்ளாத வரி மலிவு விலையில் ஒளிந்து உள்ளே வருகிறது என்று மற்றவர்களும் கொதித்தார்கள். 1773 டிசம்பரில் ஓர் இரவு பாஸ்டன் துறைமுகத்தில் கப்பலேறி அவர்கள் கடலில் கொட்டிய 342 பெட்டித் தேயிலையும் கம்பெனிச் சரக்கு. நமக்கு இந்தக் கதை அயலல்ல. 1781-இல் யார்க்டவுனில் படையோடு சரணடைந்த அதே பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ்தான் 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டுத் திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாகக் கேட்டவர்.

தேதிகளில் கவனம் வேண்டும். ஆங்கிலேயக் காலனிகளில் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டி. ஆண்டு பிறப்பதோ மார்ச் 25-இல். அதனால் வாஷிங்டன் பிறந்தநாள் ஓரிடத்தில் 1731 பிப்ரவரி 11 என்றும் இன்னோர் இடத்தில் 1732 பிப்ரவரி 22 என்றும் இருக்கும். இரண்டும் ஒரே நாள்தான். இன்னொன்று: தேர்தல் நவம்பரில் நடந்தாலும், 1933 வரை புது அதிபர் பதவியேற்றது மார்ச் 4-இல். லிங்கன் வென்றதற்கும் பதவியேற்றதற்கும் நடுவிலிருந்த அந்த நான்கு மாதத்தில்தான் ஏழு மாநிலங்கள் பிரிந்து போயின. இந்த இடைவெளி தெரியாமல் படித்தால், லிங்கன் ஏதோ செய்ததால் பிரிந்தார்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

கட்சிப் பெயர்களை இன்றைய அர்த்தத்தில் படிக்காதீர்கள். 1860-இல் அடிமை முறை பரவுவதை எதிர்த்தது குடியரசுக் கட்சி. தெற்கில் அதைக் காத்தது ஜனநாயகக் கட்சி. இது தலைகீழானது 1930-களிலிருந்து 60-கள் வரை மெல்ல மெல்ல நடந்த மாற்றம். நோட்டில் கட்சிப் பெயர் எழுதும்போதெல்லாம் ஆண்டையும் ஊரையும் சேர்த்தே எழுதுங்கள்.

உள்நாட்டுப் போருக்குக் காரணம் மாநில உரிமையா அடிமை முறையா என்ற சண்டையில் இறங்க வேண்டியதில்லை. பிரிந்தவர்களே காரணத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். தென் கரோலினா, மிசிசிப்பி, ஜார்ஜியா, டெக்சஸ் நான்கும் வெளியிட்ட அறிக்கைகளைப் படியுங்கள். தங்கள் நிலை அடிமை முறையோடு முழுதாகப் பிணைந்தது என்று மிசிசிப்பி தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தரவிடாமல் வட மாநிலங்கள் சட்டம் போடுகின்றன என்பது தென் கரோலினாவின் முக்கியமான புகார். வட மாநிலங்கள் தம் உரிமையைப் பயன்படுத்தியதே அங்கே குற்றமாகிறது.

மூல ஆவணங்கள் காங்கிரஸ் நூலகத் தளத்திலும் தேசிய ஆவணக் காப்பகத் தளத்திலும் இலவசம். சட்டங்களும் ஒப்பந்தங்களும் யேல் சட்டக் கல்லூரியின் அவலான் தொகுப்பில் உண்டு. கோர்வையாகப் படிக்க ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட கல்லூரிப் பாடநூலும் இலவசம். பாடநூல் ஒரு பங்கு, மூல ஆவணம் ஒரு பங்கு என்று நேரத்தைப் பிரியுங்கள்.

மூல ஆவணம் என்பதற்காகக் கண்ணை மூடி நம்பவும் கூடாது. முன்னாள் அடிமைகளிடம் 1936 முதல் 1938 வரை கேட்டு எழுதிய 2,300-க்கும் மேற்பட்ட நேர்காணல்கள் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. ஈடு இணையற்ற செல்வம் அது. ஆனால் பேசியவர்களில் பெரும்பாலோர் விடுதலையின்போது சிறுபிள்ளைகள். கேட்டவர்களில் பெரும்பாலோர் தெற்கத்திய வெள்ளையர்கள். பொருளாதார மந்தத்தில் வயிறு காய்ந்திருந்த எண்பது வயதுக்காரர், ஊர்ப் பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளை முன்னால் எதைச் சொல்வார், எதை விழுங்குவார் என்று யோசித்தபடியே படியுங்கள். ஒவ்வொரு ஆவணத்துக்கும் நோட்டின் இடப்பக்கம் யார் எழுதியது, யாருக்கு, எந்த ஆண்டு. வலப்பக்கம் அது சொல்லாமல் விட்டது என்ன.

1945-க்குப் பின் செய்திகள் மலைபோல் குவியும். இங்கேயும் திருத்தங்களையே பிடியுங்கள். அதிபருக்கு இரண்டு முறைதான் என்ற 1951 திருத்தம், நான்கு முறை வென்ற ரூஸ்வெல்டிடம் கொண்டுபோகும். 18 வயதில் வாக்கு என்ற 1971 திருத்தம் நேராக வியட்நாமுக்கு. குடியேற்றத்துக்கு மட்டும் திருத்தம் இல்லை. 1882-இல் சீனத் தொழிலாளரைத் தடுத்த சட்டம், 1924-இன் நாட்டுவாரி ஒதுக்கீடு, அதை நீக்கிய 1965 சட்டம் மூன்றையும் வரிசையாகப் படியுங்கள்.

14-வது வாரக் கடைசியில் வெற்றுத் தாளில் அந்த 27 ஆண்டுகளை மறுபடி எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைக் கேட்டது யார், எதிர்த்தது யார் என்று ஒரு வரி எழுதுங்கள். 13, 14, 15-இல் கை தயங்கினால் 1848-க்குத் திரும்பிப் போங்கள்.