நிஃப்டியில் 10 மாத சராசரி: எப்போது உள்ளே, எப்போது வெளியே

விதி ஒன்றுதான். மாதத்தின் கடைசி வர்த்தக நாளில் நிஃப்டி 50 (என்எஸ்இயின் 50 பெரிய பங்குகளின் குறியீடு) முடிந்த விலை, கடந்த 10 மாத முடிவு விலைகளின் சராசரிக்கு மேலே இருந்தால் பணம் நிஃப்டி ஈடிஎஃப்பில் (குறியீட்டை அப்படியே பின்பற்றும், பங்கு போலவே வாங்கி விற்கும் ஃபண்ட்) இருக்கட்டும். கீழே இருந்தால் விற்று, குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டுக்கு மாற்றுங்கள். வருடத்துக்கு 12 முறை பார்த்தால் போதும். நடுவில் பார்ப்பதுதான் கையைச் சுடும்.

எக்செல்லில் ஒரு பத்தியில் தேதி, அடுத்ததில் முடிவு விலை, மூன்றாவதில் கடைசி 10 வரிசைகளின் சராசரி. அந்த மாத விலையும் 10-இல் சேர்த்தி. சிக்னல், சந்தை முடியும் 3.30 மணிக்குப் பிறகே உறுதியாவதால், ஆர்டர் அடுத்த வர்த்தக நாளில் போகும். சந்தை திறந்த முதல் சில நிமிடங்களைத் தவிர்த்து, ஈடிஎஃப்பின் விலை என்ஏவியை (ஒரு யூனிட்டின் சொத்து மதிப்பு) ஒட்டி இருக்கிறதா என்று பார்த்து, விலை வரம்பை நீங்களே குறிப்பிடும் லிமிட் ஆர்டர் போடுங்கள்.

இனி இந்த முறை படுத்தும் பாடு. 2019 ஜூலை முடிவு 11,118. சராசரி சுமார் 11,195. விற்கச் சொன்னது. ஆகஸ்டிலும் கீழேயே இருந்தது. செப்டம்பர் 20-இல் கார்ப்பரேட் வரிக் குறைப்பு வந்து சந்தை எகிறியது; மாத முடிவு 11,474, சராசரி 11,319. திரும்ப வாங்கு என்றது. 11,118-க்கு விற்றதை 11,474-க்கு வாங்கினால் 3 சதவீதத்துக்கு மேல் நஷ்டம். ஏறாமலும் இறங்காமலும் ஊசலாடும் பக்கவாட்டுச் சந்தையில் இது தவறாமல் நடக்கும். பெரும்பாலோர் முறையைக் கைவிடுவதும் இந்த இடத்தில்தான்.

ஐந்தே மாதத்தில், 2020 பிப்ரவரி முடிவு 11,202, சராசரி 11,659. மறுபடி வெளியே. மார்ச் 23-இல் நிஃப்டி 7,610. ஜூலை இறுதியில் 11,073-இல் மீண்டும் உள்ளே. விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். ஆக, கிடைத்தது கொழுத்த லாபம் அல்ல. 32 சதவீத வீழ்ச்சியை வெளியே நின்று பார்த்த நிம்மதி. இதுவும் சரிவு மாத முடிவுக்கு முன்பே தொடங்கியதால் கிடைத்தது. மாதத்தின் முதல் வாரத்தில் தொடங்கும் சரிவை மாத சிக்னல் தாமதமாகத்தான் பிடிக்கும்.

பொய் சிக்னலைக் குறைக்க, சராசரியிலிருந்து 3 சதவீதம் விலகினால்தான் மாறுவது என்று வைக்கலாம். அப்படியானால் 2019-இல் விற்றிருக்கவே மாட்டோம். ஆனால் 2020-இல் ஜூலைக்குப் பதில் ஆகஸ்டில், 11,387-க்குத்தான் திரும்பியிருப்போம். விற்றதைவிட அதிக விலை. இரண்டு வருட விலைகளைப் பார்த்து 3-ஐப் பிடித்துக்கொள்வது பழைய வினாத்தாளுக்கு விடை எழுதுவது போலத்தான். குறைந்தது 20 வருடத் தரவில் 2, 3, 4 சதவீதமும் 8, 10, 12 மாதமும் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு எண்ணில் மட்டும் நன்றாக வந்தால் அதை நம்பாதீர்கள்.

கணக்கில் வரியைச் சேர்க்காமல் விடாதீர்கள். 2024 ஜூலை 23 முதல், 12 மாதத்துக்குள் விற்ற பங்கு ஈடிஎஃப் லாபத்துக்கு 20 சதவீதம். அதற்கு மேல் வைத்திருந்தால் வருடத்துக்கு ரூ.1.25 லட்சம் தாண்டிய லாபத்துக்கு 12.5 சதவீதம். நஷ்டத்தை வருமான வரி ரிட்டர்னில் காட்டினால், பின்னால் வரும் லாபத்தில் கழிக்க 8 வருடம் வரை எடுத்துச் செல்லலாம். ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்.