சிறிதளவு கனநீரை அளக்க ஒரு வழி

சாதாரண நீரில் கலந்த சிறிதளவு கனநீரை (ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் உள்ள நீரை) அகச்சிவப்பு நிறமாலைமானியில் அளக்கிறீர்களா? வெறும் நீர், அப்புறம் மாதிரி என இரண்டின் நிறமாலையையும் ஒரே கால்சியம் ஃப்ளூரைடு செல்லில் (மாதிரியை வைக்கும் சிறு கலத்தில்), செல்லை அசைக்காமல், ஒரே வெப்பநிலையில் எடுத்து, மாதிரியினதிலிருந்து நீரினதைக் கழித்துவிடுங்கள். 2500 செ.மீ⁻¹ அருகே எழும் முகட்டை மட்டும் பாருங்கள். (உப்புச் சன்னல் வேண்டாம், கரைந்தே போய்விடும்.)

குறைந்த செறிவில் கனநீர் அப்படியே இருக்காது. சுற்றியுள்ள நீரோடு ஹைட்ரஜனை மாற்றிக்கொண்டு ஹெச்ஓடி (ஒரு ஹைட்ரஜனும் ஒரு டியூட்டீரியமும் உள்ள நீர்) ஆகிவிடும். அதன் ஓ–டி (ஆக்சிஜன்–டியூட்டீரியம்) பிணைப்பு அதிரும் இடம்தான் அந்த 2500. பக்கத்தில் 2130-ஐ ஒட்டி நீரின் சொந்தப் பட்டை ஒன்று அகலமாக உட்கார்ந்திருக்கிறது. வெப்பநிலை மாறினால் அதுவும் நகரும், கழித்தல் பிசகும்.

ஒப்பிடும் நீரிலேயே சுமார் 150 பிபிஎம் (பத்து லட்சத்தில் 150 பங்கு) டியூட்டீரியம் இருப்பதால், கிடைப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். அணு உலைத் தரக் கனநீருக்கு இது சரிவராது. அது கிட்டத்தட்ட முழுக்கக் கனநீர் என்பதால், அங்கே 3400 அருகே, மிஞ்சிய ஹைட்ரஜனின் ஓ–ஹெச் பிணைப்பைத் தேட வேண்டும்.