பள்ளி நிகழ்ச்சிக்குத் துப்பாக்கி கொண்டுபோகலாமா? டெக்சாஸ் சட்டத்தை வாசிக்கும் முறை

பள்ளி ஒரு பூங்காவில் பிக்னிக் வைக்கிறது. அங்கே துப்பாக்கியோடு வரலாமா? எங்கள் பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஆளுக்கொரு பதில் வந்ததால், சட்டத்தையே எடுத்து உட்கார்ந்தேன்.

படி 1: டெக்சாஸ் தண்டனைச் சட்டம், பிரிவு 46.03-ஐ மாநிலச் சட்டமன்றத்தின் தளத்திலேயே திறந்து பாருங்கள். செயலிகளும் கடைக்காரர் தரும் சுருக்கங்களும் எனக்குப் பிடிக்காது. 2021 செப்டம்பர் 1-இல் மாறிய பிரிவு இது. பழைய வாசகம் இன்னும் சுற்றுகிறது.

படி 2: முதல் உட்பிரிவில் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாத மூன்று இடங்கள் உண்டு. பள்ளிக் கட்டடம், பள்ளி தன் சார்பில் நிகழ்ச்சி நடத்தும் இடம், பள்ளிப் பேருந்து. கட்டடம் என்பதில் வாகன நிறுத்துமிடமும் நடைபாதையும் சேராது. ஆனால் அந்த நிறுத்துமிடத்திலேயே பள்ளி விழா நடந்தால், இரண்டாவது வகையில் அதுவும் அடங்கும் என்று 2015-இல் மாநில அட்டர்னி ஜெனரல் கருத்துச் சொல்லியிருக்கிறார்.

படி 3: இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள், நிதானமாக வாசியுங்கள். 2021-க்கு முன்பு, பள்ளி நிகழ்ச்சி எங்கே நடந்தாலும் தடை. இப்போது அந்த இடம் பள்ளிக்குச் சொந்தமாகவும் இருக்க வேண்டும், பள்ளியின் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். நகரப் பூங்கா பள்ளிக்குச் சொந்தமில்லை, அதனால் இந்த உட்பிரிவு அங்கே பாயாது. சரி, முடிந்தது என்று மூடிவிடாதீர்கள். எட்டாவது உட்பிரிவு தனி. உயர்நிலைப் பள்ளி விளையாட்டோ பள்ளிகளுக்கிடையிலான போட்டியோ நடக்கும் கட்டடத்தில், அது வாடகை அரங்கமாக இருந்தாலும் தடை உண்டு. முதல் உட்பிரிவை மீறினால் 2 முதல் 10 ஆண்டு வரை சிறை.

படி 4: பள்ளி அனுமதி தந்தால் விலக்கு உண்டு, ஆனால் எழுத்தில் வேண்டும். முதல்வர் வாய்மொழியாகச் சொன்னது போதாது.

படி 5: அப்புறம் பள்ளிக்கு அருகே துப்பாக்கியைத் தடுக்கும் அமெரிக்க மத்தியச் சட்டம். 1990-இல் வந்தது, சான் அன்டோனியோ மாணவர் ஒருவரின் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 1996-இல் திருத்தத்தோடு திரும்பி வந்தது. பள்ளி வளாகத்திலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. தனியார் நிலம், மாநில உரிமம் பெற்றவர், குண்டு நீக்கிப் பூட்டிய பெட்டியில் வைத்திருப்பது முதலியவை விலக்குகள். டெக்சாஸில் உரிமம் இல்லாமலே துப்பாக்கி சுமக்கலாம் என்று 2021-இல் ஆனது. ஆனால் மத்திய விலக்கு உரிமம் கையில் இருப்பவருக்குத்தான். ஆகவே பூங்கா பள்ளிக்குப் பக்கத்தில் என்றால், மாநிலச் சட்டப்படி சரியாக இருப்பவரும் மாட்டிக்கொள்ளலாம். தூரத்தை வரைபடத்தில் அளந்து பாருங்கள்.

பின்சேர்க்கை: வாரயிறுதித் தமிழ் வகுப்புக்குப் பள்ளியை வாடகைக்கு எடுக்கிறோமே, அது பள்ளி நிகழ்ச்சி இல்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். நிகழ்ச்சி யாருடையது என்ற கேள்வியே அங்கே எழாது. கட்டடம் பள்ளியுடையது, ஞாயிற்றுக்கிழமையானாலும், உரிமம் இருந்தாலும் தடைதான். இதை வகுப்புக்கு வரும் பெற்றோருக்குப் பதிவுப் படிவத்திலேயே தெரிவித்துவிடுங்கள்.