தனியாள் பாய்மரப் போட்டியா? கயிறு எறிய முதல் யோசியுங்கள்

கல்லடிக் கடலில் நங்கூரம் இழுபட்டால் பக்கத்து வள்ளத்துக்குக் கயிறு எறிவோம். அவரும் ஒரு கேள்வி கேட்காமல் பிடிப்பார். தனியாளாக, நிற்காமல் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும், வெளியுதவியே கூடாத வெண்டே குளோப் மாதிரிப் போட்டியில் இந்தப் பழக்கம்தான் ஆளைக் கவிழ்க்கும்.

2012-13 போட்டியில் சுவிஸ்காரர் பெர்னார்ட் ஸ்டாம், நியூசிலாந்துக்குத் தெற்கே ஆக்லாந்துத் தீவுகளில் திருத்த வேலைக்காக நின்றார். நங்கூரம் பிடிக்கவில்லை. அங்கே நின்ற ரஷ்யக் கப்பலோடு படகைக் கட்டினார். கப்பலாள் ஒருவர் ஏறி நங்கூரம் தூக்கவும் கை கொடுத்தார். நல்ல மனுசன்தான், ஆனால் ஸ்டாம் தகுதியிழந்தார்.

சரி, என்ன செய்யலாம்? சொந்தமாக நங்கூரமிடலாம், சொந்தக் கையால் திருத்தலாம். இன்னொரு படகில் கட்டக்கூடாது. கரையிலிருந்து கூட்டாளி 'காத்து வடக்கால மச்சான், அங்கால போ' என்று வாட்ஸ்அப் போட்டாலும் அது வெளியுதவிதான். புறப்பட முதலே அவர் வாயைக் கட்டிவிடுங்கள். எஞ்சினால் படகை ஓட்டாதிருக்கச் சுழல்தண்டில் போடும் முத்திரை உடைந்தால் ஒளிக்காமல் உடனே அறிவியுங்கள்.

உயிர் காக்கப் போக மட்டும் தயங்கவேண்டாம். 2020இல் அதே வெண்டே குளோபில் ஆபத்திலிருந்த சக போட்டியாளர் கெவின் எஸ்கோஃபியேயைத் தேடிப்போன யானிக் பெஸ்தாவனுக்கு, இழந்த நேரத்துக்கு ஈடாக 10 மணி 15 நிமிடம் கிடைத்தது. மூன்றாவதாகக் கரைசேர்ந்தவர் அதனால் முதலாவதானார்.